தள்ளிவிட்டால் மேலே போய்விடுமா?

கேள்வி: முதல் ஆல்பத்திலேயே மூன்று நம்பர் ஒன் பாட்டு கொடுத்தவர் என்று அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டனைப் போன இதழில் தூக்கி வைத்து எழுதியிருந்தீர்கள். 2021-இல் பாடகி ஒலிவியா ரோட்ரிகோவின் முதல் ஆல்பம் வந்தபோது அதிலிருந்த 11 பாட்டும் ஒரே வாரத்தில் பில்போர்டு பத்திரிகை வாராவாரம் போடும் ஹாட் 100 என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதல் 30 இடங்களுக்குள் இருந்தன. அதற்கு முன்னால் மூன்று என்ன பெரிய எண்ணிக்கை? அதுவும் விட்னி பாட்டுக் குடும்பத்துப் பெண். பின்னால் பெரிய கம்பெனி. அப்படித் தள்ளிவிட்டால் யார்தான் மேலே போகமாட்டார்கள்?

பதில்: ரோட்ரிகோவின் வெற்றியில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவருடைய 'டிரைவர்ஸ் லைசென்ஸ்' எட்டு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. ஆனால் நீங்கள் ஒப்பிடும் இரண்டும் ஒரே பந்தயம் அல்ல. 1998 டிசம்பர் வரை, சிங்கிளாக, அதாவது ஆல்பத்திலிருந்து பிரித்துத் தனி இசைத்தட்டாக, கடைக்கு விற்பனைக்கு வந்த பாட்டு மட்டும்தான் ஹாட் 100-க்குள் நுழைய முடியும். கம்பெனி ஒரு பாட்டை வெளியிடும், அது ஏறி, நின்று, இறங்கத் தொடங்கும்வரை காத்திருக்கும், அப்புறம்தான் அடுத்தது. 11 பாட்டு ஒரே வாரத்தில் வருவதற்கு அன்று வழியே கிடையாது. இன்றோ ஆல்பம் வெளியான அன்றே ரசிகர்கள் இணையத்தில் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை ஓடுவதும் கணக்கில் சேர்கிறது. ஆகவே 11-ஐயும் 3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிது சிறிது பார்ப்பதில் அர்த்தமில்லை.

சரி, தள்ளிவிட்ட கதைக்கு வருவோம். அரிஸ்டா இசைத்தட்டுக் கம்பெனியின் தலைவர் கிளைவ் டேவிஸ் விட்னியை ஒப்பந்தம் செய்தது 1983-இல். அதே ஆண்டு மெர்வ் கிரிஃபினின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தானே கூட உட்கார்ந்து நாடு முழுவதற்கும் அறிமுகப்படுத்தினார். இதைவிடப் பெரிய தள்ளல் ஒரு 19 வயதுப் பெண்ணுக்குக் கிடைக்குமா? என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. பொருத்தமான பாட்டு கிடைக்காமல் ஆல்பம் இழுத்துக்கொண்டே போய், 1985 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. இடையில், 1984-இல், டெடி பெண்டர்கிராஸோடு சேர்ந்து பாடிய 'ஹோல்ட் மீ' வந்தது. அதே குரல், அதே குடும்பம், கூடப் பாடியவரோ ஏற்கெனவே பெரிய பெயர். ஹாட் 100-இல் அது எட்டிய உயரம் 46. அந்தப் பாட்டு விட்னியின் ஆல்பத்திலும் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் 46-ஐத் தாண்டவில்லை.

ஆல்பம் வந்த பிறகாவது ஓடியதா? பில்போர்டு ஆல்பம் பட்டியலில் அது நுழைந்த இடம் 166. முதலிடத்துக்கு வந்தது 1986 மார்ச்சில், பட்டியலில் அதன் 50-வது வாரத்தில். ஏறக்குறைய ஒரு வருடம் படிப்படியாக ஏறியிருக்கிறது. வந்த பிறகு விட்டு விட்டு 14 வாரம் அந்த இடத்தில் இருந்தது. இந்த ஏற்றம் முழுக்க சிங்கிள்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டது.

முதலில் வெளியிட்டது 'யூ கிவ் குட் லவ்'. கறுப்பின மக்கள் கேட்கும் வானொலி நிலையங்களில் முதலில் காலூன்ற வேண்டும், பாப் நிலையங்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் கம்பெனியின் கணக்கு. கறுப்பின இசைக்கான தனிப் பட்டியலில் முதலிடம் பிடித்ததோடு நிற்காமல், ஹாட் 100-இலும் அது மூன்றாவது இடம்வரை போய்விட்டது. நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய கம்பெனியே இதை எதிர்பார்க்கவில்லை. அடுத்து வந்த 'சேவிங் ஆல் மை லவ் ஃபார் யூ' 1985 அக்டோபரில் முதலிடம். 'ஹவ் வில் ஐ நோ' 1986 பிப்ரவரியில் முதலிடம்.

'ஹவ் வில் ஐ நோ' பாடகி ஜேனட் ஜாக்சனுக்காக எழுதப்பட்ட பாட்டு. அவர் தரப்பில் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். தயாரிப்பாளர் நாரதா மைக்கேல் வால்டன் (நாரதா என்பது அவருடைய குரு ஸ்ரீ சின்மய் வைத்த பெயர்) அதில் மாற்றங்கள் செய்து விட்னிக்குக் கொடுத்தார். அதன் பின்னணிக் குரல்களைக் கவனியுங்கள். விட்னியோடு சேர்ந்து அங்கே பாடுவது அவருடைய அம்மா சிஸ்ஸி ஹூஸ்டன். நீங்கள் குறையாகச் சொன்ன குடும்பம் இந்தப் பாட்டில் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் சிபாரிசாக அல்ல, உழைப்பாக. நியூவார்க்கின் நியூ ஹோப் பாப்டிஸ்ட் தேவாலயப் பாடகர் குழுவில் மகளுக்கு மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே பழக்கியது அந்த அம்மாதான்.

மூன்றாவது முதலிடப் பாட்டுதான் உங்களுக்கு என் முக்கியமான பதில். 'கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்' புதுப் பாட்டுகூட இல்லை. முகமது அலியைப் பற்றிய 1977-ஆம் ஆண்டுப் படத்துக்காக மைக்கேல் மாஸரும் லிண்டா கிரீடும் உருவாக்கி, ஜார்ஜ் பென்சன் பாடியது. விட்னி பாடிய வடிவத்தைக் கம்பெனி முதலில் எங்கே வைத்தது தெரியுமா? 'யூ கிவ் குட் லவ்' இசைத்தட்டின் பின்பக்கத்தில். தட்டைத் திருப்பிப் போட்டால் மட்டும் கேட்கும் இடம் அது. தள்ளிவிட நினைத்த பாட்டை யாரும் அங்கே வைக்கமாட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அதையே தனி சிங்கிளாக வெளியிட்டார்கள். 1986 மே மாதம் முதலிடத்துக்குப் போய் மூன்று வாரம் அங்கேயே இருந்தது. அதில் விட்னி பாடும் முறை எனக்கு இன்றும் வியப்பு. தொடக்கத்தில் குரலை அடக்கியே வைத்திருக்கிறார். பெரிய குரல் இருக்கிறது என்று காட்டிக்கொள்ள அவசரமே படுவதில்லை. கடைசிச் சரணத்தில் சுருதி ஏறும்போதுதான் முழுதாகத் திறந்துவிடுகிறார். 22 வயதுக்குள் ஒருவருக்கு வந்துவிட்ட நிதானம் இது.

உங்கள் சந்தேகத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. அன்றைய பட்டியல் துல்லியமான கணக்கு அல்ல. கடைக்காரர்கள் எது அதிகம் விற்றது என்று சொல்வார்கள், வானொலி நிலையங்கள் எதை ஒலிபரப்புகிறோம் என்று சொல்வார்கள். அதைச் சேர்த்துப் பட்டியல் போடுவார்கள். பார்கோடை வைத்து எண்ணுவது 1991-இல்தான் வந்தது. சொல்லும் வாய்க்குக் காசு கொடுக்க முடியும். 1986 பிப்ரவரியில் என்.பி.சி. தொலைக்காட்சி, பாட்டுகளை வானொலியில் ஏற்றும் தரகர்களைப் பற்றிச் செய்தி வெளியிட, பெரிய கம்பெனிகள் பல அவர்களை அவசரமாகக் கைவிட்டன. அந்தச் செய்தி வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், தரகர்களைக் கம்பெனிகள் கைவிட்டிருந்த நேரத்தில்தான் 'கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்' முதலிடம் வந்தது. தவிர, வானொலியில் ஒரு பாட்டைச் சில வாரம் ஓட வைக்கலாம். கடைக்குப் போய் முழு ஆல்பத்தையும் காசு கொடுத்து வாங்கச் சொல்லி, அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்க வைக்க எந்தத் தரகரால் முடியும்?

கம்பெனியின் தள்ளல் என்பதை அளந்தே தீர வேண்டும் என்றால் இரண்டாவது ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் அது நேராக முதலிடத்திலேயே நுழைந்தது. ஒரு பெண் கலைஞருக்கு அமெரிக்க ஆல்பம் பட்டியலில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அதற்குள் அவர் பெயர் வீட்டுக்கு வீடு தெரியும். அங்கே விளம்பரத்துக்கு எவ்வளவு பங்கு, பெயருக்கு எவ்வளவு பங்கு என்று தாராளமாக விவாதிக்கலாம், நானும் வருகிறேன். முதல் ஆல்பத்தில் அந்த வாதம் எடுபடாது.