சூயிங்கம்மிலிருந்து ஒரு முகம்

கேள்வி: தெருவில் கிடந்த சூயிங்கம், சிகரெட் துண்டுகளிலிருந்து மனித முகங்களை உருவாக்கிய கலைஞர் யார்? அவை அசல் முகங்களா? பள்ளிக் கண்காட்சியில் டி.என்.ஏ.வைக் கண்ணால் காட்ட முடியுமா?
- ஆசிரியை ஒருவர், தக்கலை

பதில்: அமெரிக்கக் கலைஞர் ஹீதர் டூவி-ஹாக்போர்க். படைப்பின் பெயர் 'ஸ்ட்ரேஞ்சர் விஷன்ஸ்'. நியூயார்க்கில் பொறுக்கியவற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கி, பாலினம், கண் நிறம், வம்சாவளி போன்றவற்றைக் கணித்து, முகங்களை முப்பரிமாண அச்சில் எடுத்தார். அசல் முகங்கள் அல்ல. குடும்பச் சாயல் வரலாம், அவ்வளவுதான். அமெரிக்க ராணுவ ரகசியங்களை வெளியிட்ட செல்சி மேனிங் என்ற ஒருவரின் டி.என்.ஏ.விலிருந்தே 30 வெவ்வேறு முகங்களை 2017இல் காட்சிக்கு வைத்து, இந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்று டூவி-ஹாக்போர்க்கே கேட்டார். காவல்துறைகளும் இந்த நுட்பத்தை நாடும் காலத்தில் மிக அவசியமான கேள்வி அது.

கண்காட்சிக்கு நம்மூர் மட்டி வாழைப்பழமே போதும். இரண்டு பழங்களை நன்றாக மசியுங்கள். 100 மி.லி. தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மசித்த பழத்தில் ஊற்றுங்கள். நுரை எழாமல் மெதுவாகக் கலக்குவது முக்கியம். நுரை வந்தால் வடிகட்டுவது பாடு. பத்து நிமிடம் கழித்து மெல்லிய துணியில் வடித்து, கண்ணாடி டம்ளரில் கால்வாசி ஊற்றுங்கள். ஃப்ரீசரில் குளிரவைத்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை (90 சதவீதத்துக்குக் குறையாதது) அதே அளவு, டம்ளரின் ஓரமாக வழியவிடுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளை நூலாம்படை போல மிதந்து வருவதுதான் டி.என்.ஏ.; ஈர்க்குச்சியால் சுற்றி எடுக்கலாம். சானிடைசர் ஜெல் உதவாது. ஆல்கஹால் குளிரவில்லை என்றாலோ வேகமாக ஊற்றினாலோ இழை சரியாகத் திரளாது. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும்; பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.