வாசகர் கேள்வி – பதில்: ஒரு நாடா, இரண்டு நாடா?

கேள்வி: இஸ்ரேல்–பாலஸ்தீனப் பிரச்சினையில் ‘இரு நாடுகள் தீர்வு’ செத்துவிட்டது என்கிறார்கள் ஒரு சாரார். ‘ஒரே நாடு’ என்பது வெறும் கனவு என்கிறார்கள் மற்றொரு சாரார். தங்கள் கருத்து என்ன?

பதில்: இரு சாராரும் எதிர்த்தரப்பின் யோசனையில் உள்ள ஓட்டையைச் சரியாகவே காட்டுகிறார்கள், தம்முடையதில் உள்ளதைத்தான் பார்க்க மறுக்கிறார்கள். ஜோர்டான் நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் பாலஸ்தீனர்களும் வாழ்கிறார்கள். ஆளுக்கொரு வாக்கு என்று ஒரே நாடாக்கினால், தமக்கென ஒரு நாடு வேண்டும் என்று இரு மக்களும் நூறாண்டாகக் கேட்டுவரும் கோரிக்கை இருவருக்குமே இல்லாமல் போகும். அதைவிட முக்கியமாக, ராணுவமும் நீதிமன்றமும் நிலப்பதிவேடும் இன்று ஒரே தரப்பின் கையில் இருக்க, சமத்துவத்தைக் காகிதத்தில் எழுதிவிட்ட மறுநாளே அவை பொதுவாகிவிடும் என்று நம்புவதற்கு எனக்குத் துணிவில்லை.

இரு நாடுகள் என்றாலோ, நிலம் எங்கே என்ற கேள்வி வருகிறது. 1993-இல் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்த ஆஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய மேற்குக் கரையில், கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, குடியேறியிருந்த இஸ்ரேலியர் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். இன்று சுமார் 5 லட்சம். இவர்களில் பெரும்பாலோர் 1967 போருக்கு முந்தைய எல்லைக்கோட்டை ஒட்டிய குடியிருப்புகளில் இருப்பதால், அந்தப் பகுதிகளை இஸ்ரேலுக்கு விட்டுக் கொடுத்து, ஈடாக வேறு நிலம் பெறலாம் என்பதே பேச்சுவார்த்தைகளின் பழைய கணக்கு. 2008-இல் இஸ்ரேலியப் பிரதமர் எஹுத் ஓல்மர்ட், மேற்குக் கரையில் சுமார் 6 சதவீதத்தை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய அதே அளவு நிலத்தைத் திருப்பித் தரும் ஒரு வரைபடத்தைப் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸுக்குக் காட்டினார். கையெழுத்திடாமல் பிரதியைத் தர முடியாது என்று ஓல்மர்ட் சொல்லிவிட, அப்பாஸ் நினைவிலிருந்து ஒரு தாளில் அதைக் கோடிட்டு வரைந்து கொண்டார். ஊழல் விசாரணையால் ஓல்மர்ட் பதவி விலகிக்கொண்டிருந்த வேளை அது. பேச்சு அத்தோடு நின்றது. ஒரு தேசத்தின் எல்லை, தாளில் கிறுக்கிய கோடாக மிஞ்சியது.

மூன்றாவதாக ஒரு யோசனையும் உண்டு. நம் பத்திரிகைகளில் அது அதிகம் பேசப்படுவதில்லை. நாடு இரண்டு, எல்லை திறந்திருக்கும், குடியுரிமை வேறு, வசிக்கும் உரிமை வேறு என்பது அதன் சாரம். மேற்குக் கரையிலுள்ள ஹெப்ரானுக்கு அருகில் குடியேறிய இஸ்ரேலியர், பாலஸ்தீனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அங்கேயே வசிக்கலாம், வாக்கை இஸ்ரேலில் போடலாம். இஸ்ரேலிய நகரமான ஹைஃபாவில் வேரிருக்கும் அகதிக் குடும்பம் பாலஸ்தீனக் குடியுரிமையோடு ஹைஃபாவுக்குத் திரும்பி வாழலாம். குடியேறிகளைப் பெயர்த்தெடுப்பது, அகதிகள் திரும்புவது ஆகிய இரு பெரும் முடிச்சுகளையும் ஒன்றோடொன்று சேர்த்து அவிழ்க்கப் பார்ப்பதால் எனக்கு இதில் ஈர்ப்பு உண்டு. ஆனால் பரஸ்பர நம்பிக்கை மிக அதிகமாகத் தேவைப்படும் திட்டமும் இதுவேதான்.

கேள்வி: ஆஸ்லோ ஒப்பந்தம் ஏன் தோற்றது? தலைவர்களின் நேர்மையின்மைதான் காரணமா?

பதில்: நேர்மையை அளக்கும் தராசு என்னிடம் இல்லை, ஒப்பந்தத்தின் அமைப்பைப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன். இதை அதே இஸ்ரேல் எகிப்தோடு 1979 மார்ச் 26-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் அருகில் வைத்துப் படியுங்கள். அதில் முடிவு முதலிலேயே எழுதப்பட்டிருந்தது: 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய சினாய் தீபகற்பம் முழுவதும் எகிப்துக்குத் திரும்பும், மூன்று ஆண்டுகளில் படிப்படியாக விலகல் முடியும். கடைசிக் கட்டம் முடிவதற்கு முன்பே, 1981 அக்டோபரில், எகிப்திய அதிபர் அன்வர் சதாத் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனாலும் 1982 ஏப்ரலில், சினாயில் இருந்த யமித் என்ற இஸ்ரேலியக் குடியிருப்பிலிருந்து வெளியேற மறுத்தவர்களை இஸ்ரேலிய ராணுவமே இழுத்து வந்து, குறித்த நாளில் விலகலை முடித்தது.

அதற்குப் பிறகும் தாபா என்ற கடற்கரைத் துண்டு பாக்கியிருந்தது. சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் நிலம், அதில் ஒரு சுற்றுலா விடுதி. எல்லைக் கற்கள் எங்கே நின்றன என்பதுதான் வழக்கு. பேசித் தீராத பிணக்கு சமரசத்துக்கோ நடுவர் தீர்ப்புக்கோ போகும் என்று 1979 ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால், அது ஐந்து பேர் கொண்ட நடுவர் மன்றத்துக்குப் போனது. 1988-இல் தாபா எகிப்துக்கே என்று தீர்ப்பானது. மறு ஆண்டு இஸ்ரேல் விலகியது.

ஆஸ்லோவில் இவை எல்லாம் தலைகீழ். ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடு முதலில் வந்தது. ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், பாதுகாப்பு, எல்லை ஆகிய ஐந்தும் கடைசிக்குத் தள்ளப்பட்டன. பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேல் என்ற நாட்டின் இருப்புரிமையை ஏற்றது; இஸ்ரேல் பதிலுக்கு அவ்வியக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக ஏற்றதே தவிர, பாலஸ்தீன நாடு என்ற சொல் எங்கும் இல்லை. நடுவரிடம் போவதற்கும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டாக வேண்டும். போகும் ஊர் எது என்று சொல்லாமல் பயணச் செலவை மட்டும் பங்கு பிரித்ததாக இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த ஐந்தாண்டு இடைவெளி சமாதானத்தை விரும்பாதவர்களுக்கு வாய்ப்பாகப் போனது. 1994 பிப்ரவரியில் ஹெப்ரானில் ஒரு யூதக் குடியேறி, தொழுகையில் இருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றார். தொடர்ந்து, பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸின் தற்கொலைத் தாக்குதல்கள் பேருந்துகளைச் சிதறடித்தன. 1995 நவம்பர் 4 அன்று பிரதமர் இட்ஸாக் ராபினை ஓர் இஸ்ரேலியரே கொன்றார். சதாத் இறந்த பிறகும் அவருடைய ஒப்பந்தம் நின்றது. ராபின் இறந்ததும் அவருடையது தள்ளாடத் தொடங்கியது.

சினாயில் மக்கள் குறைவு, புனிதத் தலம் குறித்த தகராறு இல்லை, இரு பக்கமும் அரசுகள் இருந்தன என்று நீங்கள் மறுக்கலாம். நியாயமான மறுப்பு அது. ஆனால் பிணக்கு கடினமாகக் கடினமாக முடிவை முன்கூட்டியே எழுத வேண்டிய தேவை கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை.

கேள்வி: ஐ.நா. தீர்மானங்களால் ஏதாவது பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் எதை எழுதினார்களோ அந்த அளவுக்குத்தான். 1967 போருக்குப் பிறகு வந்த பாதுகாப்பு சபையின் 242-ஆம் தீர்மானம், அந்தப் போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேல் விலக வேண்டும் என்கிறது. அதன் ஆங்கில வடிவத்தில் ‘பகுதிகள்’ என்ற சொல்லுக்கு முன், குறிப்பிட்ட ‘அந்த’ என்று சுட்டும் ‘தி’ (the) என்ற சிறு சொல் இல்லை; எனவே எல்லாப் பகுதிகளிலிருந்தும் அல்ல என்பது இஸ்ரேலின் வாதம். பிரெஞ்சு வடிவத்தைப் படித்தால் எல்லாப் பகுதிகளும் என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது என்பது அரபு நாடுகளின் வாதம். தமிழில் அந்தச் சிறு சொல்லே கிடையாது என்பதால், அந்தத் தகராறை நம்மால் மொழிபெயர்க்கக்கூட முடியாது. அன்று வாக்கெடுப்பில் ஒருமித்த ஆதரவு கிடைக்க அந்த மயக்கம் உதவியது. அதற்கான விலையை அரை நூற்றாண்டாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: அரசுகளை விட்டுவிட்டு, மக்களை மக்களோடு பழக விட்டால் பகை தீராதா?

பதில்: இந்தப் பகையில் பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் இழந்த இஸ்ரேலிய, பாலஸ்தீனக் குடும்பங்கள் சேர்ந்து, 1995-இல் தொடங்கப்பட்ட ‘பெற்றோர் வட்டம்’ என்ற அமைப்பை நடத்தி வருகின்றன. இரு பக்கத்திலிருந்தும் ஒருவராக இருவர், பல ஆண்டுகள் பள்ளி வகுப்பறைகளுக்குச் சென்று தம் இழப்பைச் சொல்லி வந்தார்கள். அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் வகுப்பறையை விட்டு வெளியே வந்ததும் ஒருவர் நேராக வீடு போய்ச் சேர, மற்றவர் சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டைக் காட்டிக் காத்து நின்றார். பழக்கத்தால் மட்டும் அந்தச் சாவடி அகலாது. அதேசமயம், ஓர் ஒப்பந்தம் வரும்போது அதற்கு வாக்களிக்கும் மனத்தை வேறு எதுவும் இந்த அளவுக்கு உருவாக்காது.

கேள்வி: கல்லூரி விவாத மேடையில் இதைப் பேசப் போகிறேன். எந்தப் பக்கம் நிற்பது?

பதில்: பட்டிமன்றத்தில் நடுவர் மணியடித்துத் தீர்ப்புச் சொன்னதும் இரு அணியும் சேர்ந்து உணவருந்தப் போகலாம், இங்கே அது நடவாது. 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதையும் ஏறத்தாழ 250 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டதையும் சொல்ல நாக்கூசாதீர்கள்; அதன் பின் காஸாவில் அங்குள்ள சுகாதார அமைச்சகக் கணக்குப்படி 60,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதையும் அதே குரலில் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை நியாயப்படுத்தும் ‘ஆனால்’ என்ற சொல்லை மட்டும் இரண்டுக்கும் நடுவில் போடாதீர்கள்.

கேள்வி: 2025 அக்டோபர் போர்நிறுத்தத்துக்குப் பிறகாவது வழி பிறந்திருக்கிறதா?

பதில்: போர்நிறுத்தத்தை ஒட்டி, 2025 நவம்பர் 17 அன்று பாதுகாப்பு சபை 2803-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது, ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. காஸாவுக்குப் பன்னாட்டுப் படை, இடைக்கால நிர்வாகம் எல்லாம் அதில் உண்டு. பாலஸ்தீன நாட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடினேன். மேற்குக் கரையின் சில பகுதிகளை நிர்வகிக்கும் பாலஸ்தீன நிர்வாகம் சீர்திருந்தி, காஸாவின் புனரமைப்பும் முன்னேறிய பிறகு, தனி நாட்டுக்கான நம்பகமான பாதைக்குரிய சூழல் ‘அமையக்கூடும்’ என்று இருக்கிறது. சீர்திருந்தியதா என்று யார் தீர்மானிப்பார், பிணக்கு வந்தால் எந்த நடுவரிடம் போவது என்பவை அதில் இல்லை. பன்னாட்டுப் படைக்கு 2027 டிசம்பர் 31 வரை என்று தேதி போட்டிருக்கிறார்கள். நாட்டுக்குத் தேதி இல்லை.