வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்வது எனக்கு மட்டும் ஏன் வரவே மாட்டேன் என்கிறது?

பத்தாம் வகுப்பு படிக்கிறீர்கள். ஒரு பக்கத்தில் அணுக்களின் எண்ணிக்கையைச் சரிசெய்தால் மறுபக்கம் கெட்டுப்போகிறது. வினையின் வகையைக் கேட்டாலும் குழப்பம். இதுதானே கேள்வி? ட்யூஷனில் வருடம் தவறாமல் யாராவது ஒருவர் இதையேதான் கேட்பார்கள். நான் முதலில் நோட்டை வாங்கி, சமன் செய்ததைப் பார்க்க மாட்டேன், ஒரு சேர்மத்தில் எந்த அணு எத்தனை என்று காட்டும் வாய்ப்பாடுகளைப் பார்ப்பேன். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

அலுமினியம் குளோரைடை ஒரு அலுமினியம், ஒரு குளோரின் என்று எழுதினால்கூட சமன்பாடு அழகாகச் சமனாகிவிடும். எண்ணிக்கை சரி, வேதியியல் தப்பு. அலுமினியத்தின் இணைதிறன், அதாவது மற்ற அணுக்களோடு சேரும் திறன், 3; குளோரினுக்கு 1. அப்படியென்றால் ஒரு அலுமினியத்துக்கு மூன்று குளோரின். இதை முடிவு செய்யாமல் பேனாவை நகர்த்தவே கூடாது. அணுக்கொள்கை தந்த டால்டனே தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றுதான் எடுத்துக்கொண்டார். அதனால் அணு எடைகளில் வந்த குழப்பம், 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கனிசாரோ எடுத்துச் சொல்லும் வரை தீரவில்லை. நீங்கள் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாய்ப்பாடு சரியான பிறகு அதைத் தொடாதீர்கள். முன்னால் போடும் எண்ணை மட்டும் மாற்றலாம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் வரும் சமன்பாட்டில், ஆக்சிஜன் ஒன்று குறைகிறதே என்று தண்ணீருக்குள் இன்னொரு ஆக்சிஜனைத் திணித்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் புண் கழுவ வாங்குவோமே, அது. குடிக்கிற தண்ணீர் இல்லை.

அடுத்து, வரிசை. பல சேர்மங்களில் இருக்கும் தனிமத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எரிதல் வினை என்றால் அது ஆக்சிஜன்தான். சமையல் வாயுவில் இருக்கும் பியூட்டேனை எடுத்துக்கொள்வோம். 4 கார்பன், 10 ஹைட்ரஜன். கார்பனுக்காக 4 கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜனுக்காக 5 தண்ணீர். இப்போது வலப்பக்கம் ஆக்சிஜனை எண்ணுங்கள்: 8 + 5 = 13. ஆக்சிஜன் மூலக்கூறோ இரண்டிரண்டாக வருவது. ஆறரை மூலக்கூறு தேவை. இங்கேதான் நிறையப் பேர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அழிக்க வேண்டாம். ஆறரையையே எழுதுங்கள், பிறகு மொத்தச் சமன்பாட்டையும் இரண்டால் பெருக்குங்கள். 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன்; 8 கார்பன் டை ஆக்சைடு, 10 தண்ணீர். முடிந்தது.

நைட்ரேட், சல்பேட் போன்ற தொகுதிகள் இரண்டு பக்கமும் உடையாமல் இருந்தால் மொத்தமாக ஒன்றாக எண்ணுங்கள். காரீய நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் சேர்ந்து மஞ்சள் வீழ்படிவு (கரையாமல் அடியில் படியும் திடப்பொருள்) வரும் வினையில் இது வேலை செய்யும். பொட்டாசியம் அயோடைடுக்கு 2, பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு 2, அவ்வளவுதான். ஆனால் அதே காரீய நைட்ரேட்டைச் சோதனைக்குழாயில் சூடாக்கினால் படபடவென்று பொரிந்து பழுப்புப் புகை வரும். அந்தப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு, நைட்ரேட் உடைந்துவிட்டது. அங்கே தனித்தனி அணுவாகத்தான் எண்ண வேண்டும். 2 காரீய நைட்ரேட்டிலிருந்து 2 காரீய ஆக்சைடு, 4 நைட்ரஜன் டை ஆக்சைடு, 1 ஆக்சிஜன் மூலக்கூறு.

சரி, வகைக்கு வருவோம். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, யார் யாரோடு இருந்தார்கள், இப்போது யாரோடு போனார்கள் என்று பாருங்கள். பல பொருள் ஒன்றானால் சேர்க்கை, ஒன்று பலவானால் சிதைவு. தனியாக வந்த தனிமம் சேர்மத்திலிருந்து ஒன்றை வெளியே தள்ளி அந்த இடத்தில் உட்கார்ந்தால் ஒற்றை இடப்பெயர்ச்சி. தண்டவாளங்களைப் பற்றவைக்கும் தெர்மைட் வினை இந்த ரகம்: அலுமினியம் இரும்பு ஆக்சைடிலிருந்து இரும்பைத் தள்ளிவிடுகிறது, இரும்பு உருகியே வெளிவருகிறது. 1 இரும்பு ஆக்சைடுக்கு 2 அலுமினியம் என்று சமன் செய்தால்தான், 160 கிராமுக்கு 54 கிராம் என்ற கலவை விகிதம் கிடைக்கும். இரண்டு சேர்மங்கள் துணையை மாற்றிக்கொண்டால் இரட்டை இடப்பெயர்ச்சி. மேலே சொன்ன மஞ்சள் வீழ்படிவு அதுதான்.

ஒரு வினைக்கு ஒரே பெயர்தான் என்று நினைப்பதால் வரும் குழப்பமும் உண்டு. மக்னீசியம் நாடா எரிவது சேர்க்கை, எரிதல், ஆக்சிஜனேற்ற ஒடுக்கம் (எலக்ட்ரான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது), மூன்றும்தான். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறதே, அதுவும் சேர்க்கைதான். ஆனால் ஆக்சிஜனேற்ற ஒடுக்கம் இல்லை. தேர்வில் எந்த அடிப்படையில் வகை கேட்கிறார்கள் என்று வினாவைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

பழக ஒன்று தருகிறேன்: எத்தனால் எரிவது. ஆக்சிஜன் முன்னால் 3 வர வேண்டும். மூன்றரை வந்தால், எத்தனாலுக்குள்ளேயே இருக்கும் ஒரு ஆக்சிஜனை எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள்.