வகுப்பில் களிமண்ணில் பூ செதுக்கிச் செய்த சுவர் ஓடு காயும்போது வளைந்துவிட்டது, பூவும் மழுங்கிவிட்டது. எங்கே தப்பு?

நான்கு மூலையும் மேலே தூக்கிக்கொண்டது, செதுக்கிய பூ மழுங்கிப்போனது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் முதல் ஓட்டில் இதேதான் நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கைவேலையில் குறை இருக்காது. பெரும்பாலும் ஓட்டைக் கெடுப்பது நாம் செதுக்கிய நேரமும் காயவைத்த விதமும்தான்.

எனக்கு ஊர் தோவாளை, வகுப்பு நாகர்கோவிலில். வகுப்பில் செதுக்கி முடிக்க நேரம் போதாமல் ஈர ஓட்டைப் பலகையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தேன், அது ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அந்த மாதங்களில் வரும் காற்று எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம், முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. மறுநாள் காலை பார்த்தால் ஓடு பப்படம் மாதிரி வளைந்து கிடக்கிறது. களிமண் என்பது மிக நுண்ணிய தட்டைச் செதில்கள், அவற்றுக்கு நடுவே தண்ணீர். தண்ணீர் போகப்போக செதில்கள் நெருங்கும், மண் சுருங்கும். காற்று படும் மேல்பக்கமும் விளிம்பும் முதலில் சுருங்கிவிட, பலகையில் படுத்திருக்கும் அடிப்பக்கம் இன்னும் ஈரமாகவே இருக்கும். அந்த இழுபறியில்தான் மூலை எழும்புகிறது.

இதற்கு நான் இப்போது செய்வது: செதுக்கி முடித்ததும் ஈரம் உறிஞ்சும் ஜிப்சம் அட்டையில் செய்தித்தாள் விரித்து ஓட்டை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக மூடி ஒரு நாள் விடுவேன். கொஞ்சம் இறுகியதும் மேலேயும் ஒரு தாள், ஓர் அட்டை, அதன்மேல் லேசான பாரம். தாள் இருந்தால் சுருங்கும்போது ஓடு பிடித்துக்கொள்ளாமல் நகரும். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். பின்பக்கத்தில் நாலைந்து வரி பள்ளம் இழுத்துவிடுங்கள், சுவரில் பதிக்கும்போது சிமெண்டும் பிடிக்கும். அப்புறம், ஈர மண்தகட்டை ஒரு ஓரம் பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள். தட்டி நேராக்கினாலும் அந்த வளைவு சூளையில் திரும்ப வந்துவிடும். உருட்டும்போது இரண்டு பக்கமும் 1 செ.மீ. கனமுள்ள ரீப்பர் கட்டை வைத்து, மண்ணைத் திருப்பிப் போட்டு இரண்டு முகத்தையும் உருட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பூ மழுங்கியதற்குக் காரணம், மண் ஈரமாக இருக்கும்போதே செதுக்கியிருப்பீர்கள். தோல் பதம் என்பார்கள் எங்கள் வகுப்பில்: நகம் வைத்தால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது, கத்தி புது சோப்புக்கட்டியில் இறங்குவது போல இறங்க வேண்டும். கூழாக ஒட்டினால் பொறுங்கள், பொடியாக உதிர்ந்தால் நேரம் தப்பிவிட்டது. செதுக்கும்போது ஓரத்தில் நிற்கும் பிசிறை அப்போதே விரலால் தேய்க்க வேண்டாம், அதுதான் கோட்டை மழுக்குகிறது. நன்றாகக் காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டினாலே உதிர்ந்துவிடும்.

முதல் ஓட்டில் நான் வெறும் கோடுதான் கீறினேன், தூரத்தில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. வகுப்பெடுக்கும் அக்கா சிதறால் மலைக்குப் போய் அந்தச் சமணச் சிற்பங்களைச் சாயங்கால வெயிலில் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பாறையில் உருவத்தைச் சுற்றியிருக்கும் தரையைத்தான் இறக்கியிருக்கிறார்கள், உருவம் தானாக முன்னே நிற்கிறது. அதுபோல இரண்டாவது ஓட்டில் எங்கள் ஊர் மாணிக்க மாலையை எடுத்துக்கொண்டேன். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்துப் பாய் முடைந்தது போலத் தட்டையாகக் கட்டுவார்கள், ஓட்டுக்கென்றே பிறந்த வடிவம். பூவுக்கும் இலைக்கும் இடையிலுள்ள தரையை 3 மி.மீ. இறக்கினேன், விளக்கைப் பக்கவாட்டில் வைத்து நிழல் பார்த்துப் பார்த்து.

சூளை வேலை வகுப்பிலேயே நடக்கும், உங்கள் பொறுப்பு முழுக்கக் காய்ந்த ஓட்டைக் கொடுப்பதுதான். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் 100 டிகிரியில் நீராவியாகி ஓட்டை வெடிக்க வைக்கும். என் 15 செ.மீ. ஓடு சூளைவிட்டு வரும்போது 13.8 ஆகியிருந்தது, அளவு குறித்து வரையும்போது அதையும் கணக்கில் வையுங்கள். கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடி போலாகும் மேற்பூச்சு, பூசினால் பின்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒளி ஊடுருவும் பச்சை கிளேஸ் பள்ளத்தில் தேங்கி அடர்ந்து நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாற்பது வருஷம் மாலை கட்டிய என் பெரியப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மக்களே, மூணாவது வரியில நொச்சி இலை மாறிக் கிடக்கு” என்றார். சரிதான். அதைத் திருத்தி அடுத்த ஓட்டைச் செதுக்கிவிட்டேன், இப்போது அட்டைகளுக்கு நடுவே காய்கிறது, இன்றோடு ஐந்து நாள்.