மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா போகிறவர்களிடம் குடியும் போதையும் கூடுகிறதா?

ஊரையும் குடும்பத்தையும் விட்டு வந்த வேதனையில் குடிக்கத் தொடங்குவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு வேறு மாதிரி. 1990களில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ கவுண்டியில் ஆய்வாளர் வில்லியம் வேகாவின் குழு சுமார் 3,000 பேரிடம் ஆய்வு நடத்தியது. மெக்சிகோவில் பிறந்து வந்தவர்களைவிட, அமெரிக்காவிலேயே பிறந்த மெக்சிகர்களிடம்தான் போதைப்பழக்கம் வெகுவாக அதிகம். அப்படியானால் பெற்றோரைவிடப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து. சிறுவயதிலேயே வந்துவிட்டவர்களும் பிள்ளைகள் பக்கமே சாய்கிறார்கள்.

பெண்களிடம் மாற்றம் பளிச்சென்று தெரியும். மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலக் கிராமத்தில் ஒரு பெண் பீர் பாட்டிலைத் தொட்டாலே ஊர் பேசும். அமெரிக்காவிலோ சொந்தச் சம்பளம், கூட வேலை பார்க்கும் தோழிகள். தட்டிக்கேட்க மாமியாரும் பக்கத்தில் இல்லை. ஆண்களோ மெக்சிகோவிலேயே குடித்தவர்கள்தான். திருவிழா, கல்யாணம் என்று எப்போதாவது மொடாக்குடி. அமெரிக்கா வந்தபின் அது அடிக்கடி ஆகிறது.

சரி, வேதனைக்குப் பங்கே இல்லையா? உண்டு. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஆறேழு ஆண்கள் ஒரே அறையில் தங்கியிருப்பார்கள். சம்பள நாள் மாலை, ஊருக்குப் பணம் அனுப்பிய கையோடு பீர் பெட்டி ஒன்று வந்து இறங்கும். "போதும், நிறுத்து" என்று சொல்ல வீட்டு மனுஷர் யாரும் இல்லை.

இன்னொன்று பலரும் கவனிக்காதது: இந்தப் பழக்கம் எல்லையைத் தாண்டித் திரும்பியும் போகிறது. அமெரிக்காவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களிடம், போகாதவர்களைவிடப் போதைப்பொருள் பயன்பாடு அதிகம் என்று மெக்சிகோவில் கில்லெர்மோ போர்ஹேஸ் நடத்திய ஆய்வுகள் காட்டின.