முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு மனச்சோர்வு மாத்திரை எதற்கு?

நாகர்கோவிலில் மெடிக்கல் ஸ்டோர் வாசலிலேயே, முதுகு ஆபரேஷனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் உள்ள டுலாக்செட்டின் என்ற பெயரை போனில் தேடிப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. "ஆபரேஷன் முதுகில்தானே, மனச்சோர்வு மாத்திரை ஏன்?" நியாயமான கேள்விதான்.

டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் இரண்டும் மனச்சோர்வுக்கான மருந்துகள். நரம்பு வலிக்கும் உதவுகின்றன. நரம்பு வலி என்பது, நசுங்கிய நரம்பே எழுப்பும் எரிச்சல், ஷாக் அடித்தது போன்ற குத்தல். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் சில நரம்புகள் செரடோனின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருட்களைக் கொண்டு வலிச் செய்தியை அடக்குகின்றன. மருந்து அவற்றை அங்கே கூடுதல் நேரம் தங்க வைக்கிறது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் சானலில் மடையைப் பாதி அடைப்பது மாதிரி: தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், வயலுக்குள் பாய்வது குறையும்.

காய்ச்சல் மாத்திரை போல உடனே கேட்காது. சில வாரம் ஆகலாம். எல்லோருக்கும் கேட்கும் என்றும் சொல்ல முடியாது. வலிக்கு அமிட்ரிப்டிலினைப் பெரும்பாலும் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். தூக்கம், வாய் வறட்சி வரலாம். கூடவே டிரமடால் என்ற வலி மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், செரடோனின் அளவு மீறலாம். அப்புறம், திடீரென்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

இதை எழுதிக் கொடுத்ததால், உங்கள் வலி வெறும் மனப்பிரமை என்று டாக்டர் நினைப்பதாக அர்த்தமில்லை.