வயிற்றுவலிக்குப் போனால், மனசைப் பற்றிக் கேட்கிறாரே குழந்தை டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. இரண்டு மாதமாகப் பள்ளிக்கூட நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். பிறந்ததிலிருந்து பார்க்கும் குழந்தை டாக்டர், “மனசு சம்பந்தமா இருக்கலாம், நானே பேசிப் பார்க்கிறேன், ஒருநாள் மதியம் வாங்க” என்கிறார். மாமியாரோ, “ஊசி போடுற டாக்டருக்கு இது எதுக்கு? அப்புறம் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க” என்று பயப்படுகிறார். போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: கட்டாயம் போங்கள், இந்த வாரமே. டோக்கன் வரிசை வாசல்வரை நிற்கும் கிளினிக்கில் ஒரு டாக்டர் தானாகத் தனி நேரம் தருகிறேன் என்பது பெரிய விஷயம்.

உங்கள் பிள்ளை நடிக்கவில்லை. குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. பரீட்சை அன்று நமக்கு வயிற்றைக் கலக்குமே, அதே மாதிரிதான் இதுவும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வலி நிஜம். ‘சும்மா சொல்றான்’ என்று அவன் காதுபட யாரும் பேச வேண்டாம். ஆனால் தூக்கத்தைக் கலைக்கும் வலி, எடை குறைவது, தொடர் வாந்தி, மலத்தில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்போது உடம்பைத்தான் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஊசி போடுகிற டாக்டருக்குத்தான் இந்த வேலை பொருந்தும் என்பேன். தலை நின்றதா, ‘அம்மா’ சொன்னானா என்று ஒவ்வொரு தடுப்பூசிக்கும் கேட்டவர் அவர்தானே? 10 வயதிலும் 16 வயதிலும் டிடி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான்) தடுப்பூசிக்கு மறுபடி அவரிடம்தான் போவீர்கள். மனநலச் சிக்கல்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வயதில் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்ப்பவர் குழந்தை டாக்டர். அவர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

அன்றைக்குத் தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் பற்றி விசாரிப்பார். பெற்றோர் நிரப்பும் 35 கேள்விப் படிவம் ஒன்று உண்டு, அதைத் தரலாம். அது நோயின் பெயரைச் சொல்லாது. மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டும் காட்டும். உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரவும் சொல்லலாம், வருத்தப்படாதீர்கள். வேனில் ஒரு பெரிய பையன் மிரட்டுவதை, வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்ட முடியாமல் தவிப்பதை, அம்மா முன்னால் சொல்லத் தயங்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதுவரை லீவு போட்டு வீட்டில் வைக்காதீர்கள். வலி தணிந்ததும் இரண்டாவது பீரியடுக்காவது அனுப்புங்கள். வீட்டில் இருக்க இருக்கப் பயம் கூடும். வகுப்பு டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

கீழ்ப்பாக்கம் என்ற பெயரைச் சென்னையில் நாம் கேலிச் சொல்லாக்கிவிட்டோம், அது எனக்கு எப்போதும் வலிக்கும். 1794-ல் தொடங்கி இன்றுவரை நோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவமனை அது. பள்ளிக்கூட நாளில் வயிறு வலிக்கும் பையனை எடுத்தவுடன் அங்கே அனுப்ப மாட்டார்கள். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டி வந்தாலும் அது ஒரு சிகிச்சை, அவ்வளவுதான். இடையில் உங்களுக்கே மனசு தவித்தால் 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் பயப்படுகிறார். அந்தக் கேள்வியை அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.